இரண்டு நிமிடம் பத்து விநாடி

என் தொழிலே சந்தேகப்படுவதுதான். நாமக்கல் பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தேன். தனியார் பேருந்து முதலாளிகள் சேர்ந்து சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதவேண்டும். நேரம் முடிந்ததும் விசில் ஊதிக் கிளப்பவேண்டும். இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் பத்துப் பேர் கூடுதலாக ஏறுவார்கள் என்பதால், அந்த இரண்டு நிமிடத்துக்காக டிரைவர்களும் கண்டக்டர்களும் சொல்லாத பொய் கிடையாது. பஞ்சர் என்றால் டயரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுவேன். அப்படிப் பழகிய ஒருவனைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாத, சூடில்லாத, வாசனையில்லாத ஒன்றை உன் கழுத்தில் பாய்ச்சுகிறோம், நம்பு என்றால் எப்படி நம்புவான்?

இது எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் நடந்தது. அதே வைத்தியத்துக்குப் போகவேண்டியவர்கள் இப்போதும் என்னைத் தேடி வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பேசினால் எனக்குக் குரல் கம்மிவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

அந்தப் பொங்கல் கழிந்ததும் தொண்டை கட்டியது. ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று நாளெல்லாம் கத்துகிற தொண்டை, கட்டாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். உப்புத் தண்ணீர், சித்தரத்தை, உள்ளூர் டாக்டரின் மாத்திரை எல்லாம் ஆயிற்று. மூன்று மாதமாகியும் குரல் திரும்பவில்லை. மூட்டையை இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. என் மனைவி பாவாயிதான் விடாமல் சேலத்துக்குக் கூட்டிப்போனாள்.

காது மூக்குத் தொண்டை டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்தார். நீளக் காம்பு வைத்த இன்னொரு சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டி உள்ளே விட்டு, 'ஈ' என்று சொல்லச் சொன்னார். மூச்சின் ஆவி படியாமல் இருக்கத்தான் அந்தச் சூடு. பார்த்து முடித்ததும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பாவாயியின் அண்ணன் கந்தசாமியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. தொண்டை என்னுடையது, பேச்சு கந்தசாமியிடம்.

ஒரு வாரத்தில் மயக்கம் கொடுத்து, குரல்நாணிலிருந்து அரிசி அளவு சதையைக் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று பாவாயி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சதை கொஞ்சம் வளந்திருக்குதாமா. கரைச்சுடுவாங்களாமா."

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம். அங்கே என் தாளில் 'சி, ஏ' என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் தாள்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். மார்பில் கட்டி இருந்த ஒரு அம்மாவின் தாளிலும் அந்த இரண்டு எழுத்து, கன்னத்தில் புண் இருந்தவர் தாளிலும் அதே. உடம்பில் இடம் வேறு வேறு, எழுத்து மட்டும் ஒன்று. அது நோயின் பெயராகத்தான் இருக்கமுடியும். என்ன நோய் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. ஊருக்கே தெரிந்ததை என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்ற கோபம்தான் அந்த நாட்களில் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பேசக்கூடாது என்று உத்தரவு. சின்னத் தாள் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டவேண்டும். முப்பத்திரண்டு நாள் கோபால்ட் கதிர் சிகிச்சை, ஞாயிறு லீவு. முதல் எட்டு நாள் வார்டில் படுத்துக்கொண்டும், அதன் பிறகு வெளியிலிருந்து வந்துபோயும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

முதல் நாள் என் கழுத்தில் இரண்டு பக்கமும் ஊதா மையால் சதுரம் வரைந்தார்கள். குளிக்கும்போது அதை அழிக்கக்கூடாது. பிறகு தடித்த சுவர் வைத்த அறைக்குள் ஒரு மேஜைமேல் படுக்கவைத்து, தலையின் இருபுறமும் மணல் பையை முட்டுக் கொடுத்தார்கள். மேலே ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு உருண்டை இயந்திரம். அதை இயக்குகிற மாணிக்கம் என்பவர் ஆடாமல் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'. எழுந்திருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இல்லை. கதிர் வைப்பதை வார்டில் கரண்ட் என்பார்கள்; பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கரண்ட் வைத்தார்களா என்று கேட்டபோது கையை விரித்தேன். என் மனதில் ஓடியது இதுதான்: வெறும் அறையில் படுக்கவைத்து, வெளியே ஒரு விளக்கைப் போட்டு அணைத்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாவாயியிடம் கொடுத்தேன். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே கதிர் பாய்கிற நேரம் மட்டும் அது எரியும். எரிந்ததிலிருந்து அணைகிறவரை எத்தனை விநாடி என்று பார்த்து எழுதச் சொன்னேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். விநாடி முள்ளைப் படிப்பதற்கு ஒரு மாலை பழக்கினேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி என்று எழுதிவந்தாள். தாளிலும் அதே நேரம்தான் போட்டிருந்தது. வார்டில் இருந்த மற்ற நாட்களும் அப்படியே. என் முறை வராத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், முன்னும் பின்னும் போகிறவர்களுடைய நேரத்தையும் பெயரோடும் உள்ளே போன மணியோடும் எழுதிவைத்தாள். அதை நான் பிறகுதான் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண். சேலத்துக்காரி. டாக்டரும் இல்லை, தலையில் தொப்பி இல்லாததால் நர்ஸும் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு, கதிர்களை அளப்பதற்கென்று பம்பாயில் ஒரு வருடம் பயிற்சி எடுத்தவளாம். யாருக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் போடுவது அவள் வேலை. மேல்கோட்டுப் பையில் குத்தும் பின்னோடு ஒரு சின்னப் பொட்டலம் மாட்டியிருந்தாள். அது என்ன என்று எழுதிக் கேட்டேன். உள்ளே ஒரு துண்டு பிலிம் இருக்கிறது, கதிர் பட்டால் கறுக்கும், மாதம் ஒருமுறை பம்பாய்க்கு அனுப்பி, தன்மேல் எவ்வளவு பட்டது என்று பார்ப்பார்கள் என்றாள்.

உனக்கு மட்டும் காவல், எனக்கு ஏன் இல்லை என்று எழுதினேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு வேணும்னு குடுக்கறோங்க. எனக்கு வேண்டாதது படுதான்னு பாக்கறாங்க," என்றாள்.

நான் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் கறுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பிலிமை என் கழுத்துக்கு மறுபக்கம் ஒட்டவைத்துக் கொஞ்ச விநாடி மட்டும் கதிர் விட்டாள். சாயங்காலம் கழுவிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கட்டம் கட்டின மாதிரி ஒரு கறுப்புச் சதுரம், அதற்குள் மங்கலாக என் மூச்சுக்குழாய். இந்தப் பக்கம் நுழைந்தது கழுத்தைத் துளைத்து அந்தப் பக்கம் வெளியே வந்திருக்கிறது. அந்த உருண்டைக்குள் ஈயத்தின் நடுவே கட்டைவிரல் கணு அளவு கோபால்ட் உலோகம் இருக்கிறது என்றும், அது யாரும் மூட்டாமலே இரவுபகலாகக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது என்றும், நாம் செய்வதெல்லாம் அதை ஓட்டைக்கு நேராகத் தள்ளுவதும் திரும்ப இழுப்பதும்தான் என்றும் சொன்னாள். கேட்ட அந்த 'டக்' அதுதான். வேகமாகப் பெருகுகிற செல்கள் இந்தக் கதிரை அதிகம் தாங்காது, நல்ல சதை கொஞ்சம் தாங்கும், அந்த வித்தியாசத்தில்தான் வைத்தியமே நடக்கிறது. அதனால் விநாடி முக்கியம் என்றாள். குறைந்தால் நோய் சாகாது, கூடினால் நல்ல சதை வெந்துபோகும்.

ஏதோ ஒன்று பாய்கிறது என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். சரியாகப் பாய்கிறதா என்பது வேறு கேள்வி.

எட்டு நாள் முடிந்து வெளியே விட்டார்கள். ஆட்டையாம்பட்டியில் கந்தசாமி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்துபோவதாக ஏற்பாடு. கந்தசாமியின் மனைவி எனக்கென்று தனியாக அரிசியைக் குழைய வேகவைத்து, பால் ஊற்றிப் பிசைந்து, ஆறவைத்துக் கொடுப்பாள். காரம் சேர்த்தால் எரியும் என்று வீட்டில் எல்லோருக்குமே காரத்தைக் குறைத்துவிட்டாள். கண்டக்டர்கள் முன் சீட்டை எனக்கு ஒதுக்கினார்கள், டிக்கெட் கொடுக்க மறுத்தார்கள். என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான் எல்லோரும். இவ்வளவு மரியாதை எதற்கு என்று யோசித்தபோது, இந்த ஆள் இனி தேறமாட்டான் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்தச் சீட்டில் உட்காரப் பிடிக்காமல் பின்னால் போய் நின்றேன்.

வார்டில் இருந்தவரை காலை ஒன்பதுக்கே முறை வந்துவிடும். வெளியிலிருந்து வருபவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான். வரிசை நீளம். என் முறை வர ஐந்து, ஐந்தரை ஆகும். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் எப்போதும் பிரகாசம் இருப்பார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தையல் கடை வைத்திருந்தவர். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். வெற்றிலை புகையிலை போட்டுக் கன்னத்துக்குள் புண் வந்துவிட்டது. அவருக்குப் பேசத் தடையில்லை, ஆனால் வாய் திறந்தால் வலி. எனக்குத் திறக்க முடியும், பேசத் தடை. இரண்டு பேரும் என் தாள் கட்டில் எழுதி எழுதிப் பேசுவோம். என் வேட்டியின் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்து, ஒருநாள் ஊசி நூலை எடுத்து அங்கேயே தைத்துக்கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டுத் தாளை நீட்டினேன். 'குணமாகி நீங்கள் ஊதும் விசில்' என்று எழுதினார்.

மூன்றாவது வாரம் கழுத்து கறுத்தது. எச்சில் விழுங்கினால் கண்ணாடித் தூள் இறங்குகிற மாதிரி இருந்தது. இது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். எதிர்பார்த்தது எவ்வளவு, எதிர்பாராதது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பாவாயியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

எனக்குத் தாளில் போட்டிருப்பது இரண்டு நிமிடம் பத்து விநாடி. வார்டில் இருந்தவரை அதே. வெளியே வந்த பிறகு இரண்டு பதினாலு, இரண்டு பதினாறு, இரண்டு பதினேழு, மறுபடி பதினாறு. பிரகாசத்துக்குப் போட்டிருப்பது மூன்று நிமிடம் ஐந்து விநாடி. நோட்டில் இருந்தது மூன்று பதிமூன்று, மூன்று பதினாலு.

ஆறு விநாடியில் என்ன என்று கேட்பவர்கள் டைம் கீப்பராக இருந்ததில்லை. தாளில் ஒன்று, நடப்பது ஒன்று என்றால் நடுவில் ஒரு கை இருக்கிறது. எனக்குத் தெரிந்த உலகம் அது. மாணிக்கம் கதிர் நிற்கவேண்டிய நேரத்தை வைக்கிற டைமரைத் திருப்பிவிட்டு அசட்டையாக இருக்கிறாரா? வசதியான ஆட்களுக்கு ஒரு மாதிரியும் நமக்கு ஒரு மாதிரியும் செய்கிறார்களா? இயந்திரம் கெட்டுப்போனதை மூடி மறைக்கிறார்களா? மறுநாள் மாணிக்கத்திடம் நோட்டைக் காட்டினேன். உங்கள் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் தினமும் காலையில் ரேடியோ நேரத்துக்குச் சரிபார்த்துச் சாவி கொடுக்கிற கடிகாரம் அது. பக்கத்தில் பிரகாசம் இருந்தார். உதடெல்லாம் வெடித்து, மூன்று நாளாகக் கஞ்சி மட்டுந்தான் என்று சற்று முன்னர் எழுதிக் காட்டியிருந்தார். தாளைத் தேடப் பொறுமையில்லாமல், தடையையும் மறந்து அவர் காதோரம் சொன்னேன்.

"இவிங்க நேரம் சரியில்லீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அதிகமா உடறாங்க. இந்த மிசின நம்பாதீங்க."

அவர் என்னையே பார்த்தார். நோட்டை வாங்கித் தன் பெயருக்கு நேரே இருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். அன்று உள்ளே போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருப்பார், கெட்டிக்கார மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மட்டும் விடவில்லை. ஸ்டெல்லாவின் அறைக்குப் போய் நோட்டைத் தூரத்தில் வைத்துக் காட்டினேன். அவள் முதலில் மாணிக்கம் சொன்னதையேதான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நாளைக் காலையில் சோதிக்கிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள்.

காலையில் நாங்கள் போனபோது, அந்த மேஜைமேல் தண்ணீர் நிறைந்த தொட்டி ஒன்றை வைத்து, தையல்காரர் விரலில் மாட்டுகிற உறை அளவு ஒரு சிறு குமிழை அதற்குள் இறக்கியிருந்தாள். தண்ணீர் நம் உடம்புக்குப் பதிலாம். குமிழுக்குள் இருப்பது வெறும் காற்று. கதிர் அதன் வழியே போகும்போது காற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும், அதனால் நூலளவு மின்சாரம் கிளம்பும், கம்பி வழியாக வெளியே வந்து முள்ளை நகர்த்தும். முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு கதிர். இரண்டு நிமிடம் பத்து விநாடிக்கு டைமரைத் திருப்பினாள். பாவாயி சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு அணைந்ததும், "ரெண்டு பத்துங்க," என்றாள். முள்ளும் சரியான இடத்தில் நின்றது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அப்படியே.

எனக்கு முன்னால் வைத்துச் செய்யும்போது சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிக் காட்டினேன். அவள் முகம் சிவந்தது. நோட்டைக் கொடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். நான் மடியில் வைத்து மூடிக்கொண்டேன். கைக்குப் போனால் திரும்பி வராது. இருக்கிற ஒரே சாட்சி அது. பாதி வைத்தியத்தில் என்னை வெளியே தள்ளினால் நான் எதைக் காட்டுவேன்?

பாவாயிதான் என் மடியிலிருந்து அதை எடுத்தாள். "குடுத்துடலாமுங்க. நம்மகிட்ட வெச்சிருந்தா இது வெறும் நோட்டு. அந்தப் புள்ள கிட்டப் போனாத்தான் ஏதாச்சும் ஆகும்." பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்து, "என்ற கண்ணு முன்னாடியே எழுதிக்கோ சாமி. அவருக்கு நிம்மதியா இருக்கும்," என்றாள்.

ஒரு மணி நேரம் எங்கள் முன்னால் உட்கார்ந்து பிரதி எடுத்தாள். பதினோரு பேருடைய நேரம் அதில் இருந்தது. பாதியில் பேனா நின்றது. காலையில் போனவர்கள் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது, நாலரைக்கு மேல் போனவர்கள் எல்லோருக்கும் கூடியிருக்கிறது, ஆள் யாராக இருந்தாலும் இதுதான் என்றாள். ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் ஒரு விநாடிதான் கூடியிருந்தது. அது என்ன நாள் என்று கேட்டாள். பண்டிகை நாள், மில் எல்லாம் லீவு, பஸ்ஸில் கூட்டமே இல்லை என்று பாவாயி சொன்னாள்.

மில் லீவு என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்கு ஒன்று புலப்பட்டது. எங்கள் பேருந்து நிலையத்தில் கரண்டில் ஓடுகிற பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. கோடையில் அது தினமும் சாயங்காலம் பின்தங்கும். மழைக்காலத்தில் சரியாக ஓடும். அதனால்தான் நான் அதைப் பார்த்து விசில் ஊதுவதே இல்லை. தாளில் எழுதினேன்: 'உங்கள் டைமர் கரண்டில் ஓடுவதா, சாவியில் ஓடுவதா?'

அவள் அதைப் படித்துவிட்டு நேராக டைமரைப் பார்க்கப் போனாள்.

அன்று சாயங்காலம் அவளே ஒரு ஸ்டாப் வாட்ச்சோடு வந்து தொட்டியையும் குமிழையும் வைத்தாள். டைமர் இரண்டு பத்து என்று காட்டி நின்றபோது ஸ்டாப் வாட்ச் இரண்டு பதினாறு காட்டியது. பாவாயியின் கையிலிருந்த என் கடிகாரமும் இரண்டு பதினாறு. முள்ளும் அதே அளவு கூடுதலாக நகர்ந்திருந்தது.

பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினாள். நமக்கு வருகிற கரண்ட் ஒரே பக்கமாக ஓடுவதில்லை, விநாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. டைமருக்குள் இருக்கும் சின்ன மோட்டார் அந்த ஆட்டத்தை எண்ணித்தான் விநாடியைக் கணக்கிடுகிறது. அணையில் தண்ணீர் குறைந்த கோடையில், மில்லும் தறியும் கிணற்று மோட்டாரும் ஒன்றாக இழுக்கும்போது, மின்சாரம் திணறி ஐம்பது நாற்பத்தெட்டாகக் குறைகிறது. டைமருக்கு அது தெரியாது. ஐம்பது ஆட்டம் முடிந்தால்தான் அதற்கு ஒரு விநாடி. கோபால்ட்டுக்குக் கரண்டைப் பற்றிக் கவலையில்லை, அது தன்பாட்டுக்குக் கதிரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதுதான் அந்த ஆறு விநாடி.

நான் தேடிய திருடன் கடைசியில் இல்லை. மாணிக்கத்தின் அசட்டை உண்டு. தினமும் வாட்ச்சோடு ஒத்துப் பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். காலையில் மட்டுமே சோதித்த ஸ்டெல்லாவின் தவறும் உண்டு. அதை அவளே பெரிய டாக்டரிடம் சொன்னாள், நான் வெளியே நின்று கேட்டேன். பெரிய டாக்டர் முதலில் சத்தம் போட்டார். மறுநாள் அவரே வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக் கையால் நிறுத்துவது என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பதினோரு பேரில் சாயங்காலம் போனவர்களுக்குக் கூடுதலாகப் போன விநாடிகளைக் கூட்டி, மீதி நாட்களில் கழித்தார்கள். எனக்குக் கடைசி நாள் வெறும் ஐம்பது விநாடிதான் மிஞ்சியது.

அந்தக் கூட்டலின்போதுதான் அவள் கேட்டாள்: "பிரகாசம் ஏன் வரலீங்க?"

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் அவர் காதில் சொன்னதை அவளும் பக்கத்திலிருந்து கேட்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே தாளை எடுத்து நடந்ததை எழுதினேன். ஸ்டெல்லா படித்தாள். சிகிச்சை நடுவில் நின்றால், செத்தது போக மிச்சமுள்ள செல்கள் அந்த நாட்களில் மறுபடி பெருகிவிடும் என்று மட்டும் சொன்னாள். அன்றே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். நின்றதிலிருந்து பதின்மூன்று நாள் கழித்துத்தான் அவர் வந்தார். கன்னம் முன்னைவிட வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டார்கள், இனி நம்பலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

என் சிகிச்சை முடிந்து ஆறு வாரத்தில் மறுபடி சூடுகாட்டிய கண்ணாடி, மறுபடி 'ஈ'. இந்த முறை சத்தம் வந்தது. கரகரப்புத்தான், ஆனால் என் குரல். நாண் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் என்னிடமே சொன்னார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பாவாயி, "உங்களுக்கு வந்தது புத்துநோயுங்க," என்று முதல்முறையாகச் சொன்னாள். முதல் வாரமே தெரியும் என்றேன். "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க," என்றாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டவேண்டும். இரண்டாவது தடவை போனபோது ஸ்டெல்லா, பிரகாசம் தவறிவிட்டார் என்று சொன்னாள். அந்தக் கூடுதல் விநாடிகள் வாயைப் புண்ணாக்கியதாலா, நான் சொன்னதைக் கேட்டு வராமல் நின்றதாலா, இல்லை, எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்குமா என்று கேட்டேன். அவள் அலமாரியிலிருந்து அவருடைய தாளை எடுத்து எனக்குப் புரிகிறபடி காட்டினாள். கூடுதல் விநாடிகள் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. நின்றுபோன நாட்கள் பெரிய விஷயம். ஆனால் புண் பெரிதாக இருந்ததும் உண்மை, வந்தபோதே முற்றியிருந்தது.

"இதுல எது காரணம்னு எனக்குத் தெரியலீங்க. யாருக்கும் தெரியாது," என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் மற்ற எதற்கும் மறுகேள்வி கேட்டிருக்கிறேன். அதற்குக் கேட்கவில்லை.

அன்று நேராக பஸ் ஏறவில்லை. பாவாயியோடு பிரகாசத்தின் வீட்டைத் தேடிப் போனேன். தையல் கடை பூட்டியிருந்தது, பின்னால் ஒரு சந்தில் வீடு. அவர் மனைவி மரியபுஷ்பம் எங்களை உட்காரச் சொன்னார். நான் யார் என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்தது. வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததை அப்படியே சொன்னேன். இயந்திரத்தை நம்பவேண்டாம் என்று அவரிடம் சொன்னது நான்தான், அது அரைகுறையாகத் தெரிந்து சொன்னது, அதனால்தான் அவர் பதின்மூன்று நாள் வரவில்லை, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அழவும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதிமூணு நாளும் போங்க போங்கன்னு நான் அடிச்சுக்கிட்டேங்க. மாதா கோயில் சாமியாரு வந்து சொன்னாரு, என் தம்பி வந்து சொன்னான். யாரு பேச்சையும் கேக்கலை. அந்த நாமக்கல்காரரு எதையும் பாக்காம சொல்லமாட்டாருன்னாரு. அங்க அவரு நம்புனது உங்கள ஒருத்தரத்தானுங்க."

பிறகு எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தொண்டைக்கு ஆகாது என்று பாவாயி டம்ளரை வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. ஆறுவதற்குக்கூட விடாமல் முழுவதையும் குடித்தேன்.